பேச்சியம்மாளின் கண்ணும் என் பெயரும்

ஆத்துமேட்டுத் தோட்டம்,
பெக்கோக், ஜொகூர்.
பவ வருஷம் ஆவணி 10, ஞாயிறு.

ஸ்கூடாய் பத்தாம் மைல் கட்டையில் அன்னாசித் தோட்டத்துக் கணக்கராக இருந்து அந்த வட்டாரத்தின் மரியாதையைச் சம்பாதித்திருக்கும் சம்பந்தி ஐயாசாமி அவர்கள் சமூகத்துக்கு, ஆத்துமேட்டுத் தோட்டத் தமிழ்ப் பள்ளி ஆசிரியன் அய்யாவு கைகூப்பி எழுதிக்கொள்வது. இங்கே நான் முழு சுகம். என் மனைவி பேச்சியம்மாள் ஒரு கண் அளவுக்குச் சுகம். அங்கே தாங்களும், தங்கள் வீட்டம்மாவும், மாப்பிள்ளையும், எங்கள் மகள் புஷ்பவள்ளியும், இருமல் என்று போன கடிதத்தில் தாங்கள் எழுதியிருந்த பசுவும் குறைவில்லாமல் இருக்கும் செய்தி எங்களுக்கு வந்து சேர வேண்டும்.

தங்கள் கடிதம் புதன்கிழமை கிடைத்தது. அதில் பசுவைப் பற்றி ஒன்றரைப் பக்கமும் என்னைப் பற்றி இரண்டு வரியும் இருந்தன. 'பேச்சியம்மாள் இரண்டு வருஷமாகக் கண் தெரியாமல் சுவரைத் தடவிக்கொண்டு நடந்தார்களாமே, இப்போதுதான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனீராமே. படித்த மனுஷன், அதுவரை என்ன செய்துகொண்டிருந்தீர்?' என்பவை அந்த இரண்டு வரிகள். கேள்வி நியாயமானது. பதில் இரண்டு வரியில் அடங்காது. ஆகையால் இன்றைக்குப் பள்ளி இல்லாத நாளாகப் பார்த்து, நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். படித்துவிட்டுத் தாங்களே தீர்ப்புச் சொல்லலாம்.

நானும் அவளும் ஒரே கப்பலில் வந்து, ஆள் எண்ணும் ஒரே பெரட்டில் பெயர் கொடுத்தவர்கள் என்பது தங்களுக்குத் தெரியும். எனக்கு எழுத்து தெரிந்திருந்ததால் சில வருஷத்தில் ரப்பர் மரத்தை விட்டுக் கரும்பலகைக்கு வந்தேன். அவள் மரத்தோடேயே இருந்தாள். முப்பது வருஷம் பால் வெட்டியவள். மரத்தில் கத்தி ஆழமாகப் போகாமலும் மேலோடு நின்றுவிடாமலும் வெட்டுவதில் இந்தத் தோட்டத்தில் அவளுக்குப் பெயர் இருந்தது. முந்தின வருஷத்துக்கு முந்தின வருஷம், ரப்பர் விலை விழுந்து ஆட்களைக் குறைத்துக்கொண்டிருந்த சமயத்தில், அவள் வெட்டிய மரங்களில் காயம் விழ ஆரம்பித்தது. வேலையை மேற்பார்க்கும் மண்டோர் வந்து பார்த்தார். கண்ணில் புரை. இரண்டு கண்ணிலும். மறுநாள் துரையிடம் சொன்னார்கள், அதற்கு மறுநாள் ஆள் கணக்கு எழுதும் செக்ரோலில் அவள் பெயர் இல்லை. கண் சரியில்லாததால் பெயரை எடுத்தார்கள். பெயர் இல்லாததால் கண்ணைப் பார்க்க மாட்டோம் என்றார்கள். இது யாரும் திட்டம் போட்டுச் செய்ததில்லை. இரண்டு உத்தரவும் தனித்தனிப் பலகையில் தனித்தனியாக ஒட்டியிருந்தன, அவ்வளவுதான்.

தோட்டத்தில் மருந்து கொடுக்கும் டிரஸர் தியாகராஜா யாழ்ப்பாணத்துக்காரர், நல்ல மனிதர், குரலைத் தாழ்த்திப் பேசுகிறவர். அவரிடம்தான் முதலில் அழைத்துப்போனேன். அவளுடைய கண் இமையைத் தூக்கிப் பார்த்தார். பிறகு ஜன்னலை மூடிவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"இது மருந்துக்கு மாறாது வாத்தியார். வெட்டித்தான் எடுக்கவேணும். அரசாங்க ஆஸ்பத்திரிக்குத்தான் போகவேணும். ஆனா நான் கடிதம் தர ஏலாது. செக்ரோலிலை பேர் இல்லாத ஆளை நான் எப்பிடி அனுப்புறது?"

"கடிதம் இல்லாமல் போனால்?" என்று கேட்டேன்.

"போய்ப் பாருங்கோ," என்றார். அவர் குரலில் நம்பிக்கை தெரியவில்லை.

போனோம். வடக்கே ரயிலில் போனால் வரும் ஒரு பெரிய ஊர், பெயர் வேண்டாம். காலை வண்டியில் ஏறி, அவளைக் கைபிடித்து இறக்கி, ஆஸ்பத்திரி ஜன்னலுக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தினேன். ஜன்னலுக்குப் பின்னால் ஒரு கிளார்க். நம்மவர்தான். தலை நிமிராமல் கேட்டார்.

"எந்தத் தோட்டம்?"

"ஆத்துமேடு."

"லெட்டர்?"

"லெட்டர் இல்லைங்க. இவ இப்ப தோட்டத்து ஆள் இல்லை."

"தோட்டத்து ஆள் இல்லேன்னா எந்த ஊரு ஆளு?"

சம்பந்தி அவர்களே, இருபத்தேழு வருஷமாகப் பிள்ளைகளுக்குக் கேள்வி போட்டுக்கொண்டிருக்கிற எனக்கு இந்தக் கேள்விக்குப் பதில் வரவில்லை. மதுரை ஜில்லா என்று சொல்லலாம். நாங்கள் விட்டுவந்த பிறகு அந்த ஊரில் எங்களுக்கு ஒரு பானைகூட இல்லை. ஜொகூர் என்று சொல்லலாம். ஜொகூரில் எந்தக் கம்பம், எந்தக் கிராமம், எந்தத் தெரு என்று அடுத்த கேள்வி வரும். எங்களுக்குத் தோட்டத்தைத் தவிர வேறு விலாசம் கிடையாது. நான் யோசித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்து அவரே இரக்கப்பட்டு ஒரு வழி சொன்னார்.

"வயசானவங்கள ஊருக்கு அனுப்ப இப்பக் கப்பல்ல இடம் குடுக்கிறாங்க. எழுதிக் குடுத்தா போயிறலாம். அங்க போயி வைத்தியம் பாத்துக்குங்க."

பேச்சியம்மாள் குரல் வந்த பக்கமாக முகத்தைத் திருப்பி, "கண்ணு தெரியாம கப்பலேறி என்னத்தப் பாக்க?" என்று கேட்டாள். கிளார்க் எங்களுக்குப் பின்னால் நின்றவரைக் கூப்பிட்டார். திரும்பி வரும் ரயிலில் அவள் தூங்கினாள். நான் கிளார்க்கின் கேள்விக்கு மூன்று விதமாகப் பதில் எழுதிப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

அதற்குப் பிறகு ஒரு வருஷம் போயிற்று. அவள் வீட்டுக்குள் எல்லா வேலையும் செய்தாள். அடுப்புக்கு எட்டு அடி, தண்ணீர்ப் பீப்பாய்க்குப் பன்னிரண்டு அடி என்று அவளுக்குக் கணக்கு இருந்தது. நான் செருப்பைக் கண்ட இடத்தில் விட்டால் மட்டும் திட்டுவாள். இரண்டு முறை கை சுட்டுக்கொண்டாள். ஒரு முறை வெளியே போய் ஓடையில் இறங்கிவிட்டாள். அன்றைக்கு ஓடையில் தண்ணீர் குறைவு. அன்று நான் டிரஸர் வீட்டுக்குப் போய் உட்கார்ந்துவிட்டேன். கடைசியில் அவரே ஒரு யோசனை சொன்னார்.

"உங்கட பேர் ஸ்டாஃப் புத்தகத்திலை இருக்குதெல்லே. உங்களுக்குத்தான் கண் சுகமில்லை எண்டு எழுதுறன். இப்போதைக்குச் சொட்டு மருந்து தாறன். வீட்டை கொண்டுபோய் ஆரின்ரை கண்ணிலை விடுறியள் எண்டு நான் பாக்கமாட்டன்."

எனக்கு அது பெரிய பொய்யாகத் தெரியவில்லை. வகுப்புக்கு வராத பிள்ளையை வந்ததாகக் குறிப்பதைப் போன்றதுதான். நான் தலையாட்டினேன். அன்று முதல் டிரஸர் புத்தகத்தில் எனக்குக் கண் மங்க ஆரம்பித்தது. மாதா மாதம் அவர் கொஞ்சம் கூட்டி எழுதிக்கொண்டே வந்தார். புரை என்றால் வளர வேண்டும் அல்லவா, வளராவிட்டால் புத்தகத்தைப் பார்க்கிறவர்களுக்குச் சந்தேகம் வரும். ஆறாவது மாதத்தில் புத்தகத்தின்படி எனக்கு இடது கண் முழுக்கப் போய்விட்டது, வலது கண்ணில் பாதி. சொட்டு மருந்தால் பேச்சியம்மாளுக்கு எரிச்சலைத் தவிர வேறொன்றும் வரவில்லை.

அந்தச் சமயம் பார்த்து, தோட்டங்களைச் சுற்றிப் பார்க்கும் வெள்ளைக்கார டாக்டர் வந்தார். வழக்கமாகக் கொசுவையும் கக்கூஸையும் பார்த்துவிட்டுப் போகிறவர், அன்றைக்குப் புத்தகத்தைப் புரட்டியிருக்கிறார். பள்ளிக்கூட வாத்தியாருக்குக் கண் தெரியவில்லை என்று எழுதியிருப்பதைக் கண்டு ஆச்சரியப்பட்டு, துரையையும் கூட்டிக்கொண்டு நேராக என் வகுப்புக்கு வந்துவிட்டார். டிரஸர் பின்னால் நின்று என்னையே பார்த்தார். கண் நன்றாகத் தெரிகிறது என்றால் டிரஸருக்கு வேலை போகும். தெரியவில்லை என்றால் எனக்கு வேலை போகும், வேலையோடு வீடும் போகும். டாக்டர் என்னைச் சுவரோரம் நிறுத்தி, கரும்பலகையைப் படிக்கச் சொன்னார். பலகையில் இருந்தது அன்று காலை நானே எழுதியது. 'யானை காட்டில் வாழும் பெரிய மிருகம்.' நடுவழியாகப் போவோம் என்று முடிவு செய்து, பாதி சரியாகவும் பாதி தப்பாகவும் படித்தேன்: "பூனை வீட்டில் வாழும் பெரிய மிருகம்." டாக்டருக்குத் தமிழ் தெரியாது, அத்தோடு முடிந்திருக்கும். ஆனால் மூன்றாம் வகுப்பு முழுவதும் எழுந்து நின்று, "ஐயா, அது யானைங்கையா, காட்டிலங்கையா" என்று ஒரே குரலில் திருத்திற்று. பிள்ளைகள் இவ்வளவு நன்றாகப் படிப்பார்கள் என்பது எனக்கே அன்றைக்குத்தான் தெரியும். துரைக்குக் கொஞ்சம் தமிழ் வரும். அவர் டாக்டரிடம் ஏதோ சொன்னார். டாக்டர் என் கண்ணில் விளக்கை அடித்து வெகுநேரம் பார்த்தார். கண் தெளிவாக இருக்கிறதே, ஆனால் ஆளுக்குத் தெரியவில்லையே, இது நரம்பில் இருக்கிற கோளாறோ என்னவோ, அரசாங்க ஆஸ்பத்திரிக்கு அனுப்பு என்று எழுதிக் கொடுத்துவிட்டார். துரை எனக்குப் பத்து நாள் கண் விடுப்புக் கொடுத்தார். கொடுத்த கையோடு, வேறு வாத்தியார் தேவை என்று பத்திரிகைக்கும் எழுதிப் போட்டுவிட்டார்.

ஆக, எந்தக் கடிதம் கிடைக்காமல் ஒன்றரை வருஷம் உட்கார்ந்திருந்தோமோ, அந்தக் கடிதம் கைக்கு வந்தது. பெயர்தான் என்னுடையது. பேச்சியம்மாளையும் கூட்டிக்கொண்டு போவது, டாக்டரைக் கண்டதும் விஷயத்தைச் சொல்லிவிடுவது என்று எண்ணிக்கொண்டேன். ரயிலில் அவளிடம் இதை விளக்கினேன். "சொல்லிருவீங்களா?" என்று ஒரு தடவை கேட்டாள். சொல்லிவிடுவேன் என்றேன்.

ஜன்னலில் அதே கிளார்க். கடிதத்தைப் பார்த்ததும் எழுந்து நின்றார். இரண்டே நிமிஷத்தில் எனக்குச் சீட்டு, கட்டில், வெள்ளைச் சட்டை எல்லாம் கிடைத்தன. அவளை வராந்தா பெஞ்சில் உட்காரச் சொல்லிவிட்டு என்னை ஆண்கள் வார்டுக்குள் கொண்டுபோனார்கள். டாக்டர் எங்கே என்று கேட்டேன், வருவார் என்றார்கள். சொல்ல வேண்டும் என்றேன். வந்ததும் சொல்லலாம் என்றார்கள். பிறகு ஒருவர் கத்தரிக்கோலோடு வந்து, நான் எதற்கு என்று கேட்பதற்குள் என் வலது கண் இமை மயிரை ஒட்ட வெட்டிவிட்டார். இடது கண்ணுக்குப் போகும்போதுதான் எனக்குப் புரிந்தது, இவர்கள் என் கண்ணை வெட்டித் திறந்து பார்க்கப் போகிறார்கள் என்று. அப்போதாவது வாயைத் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை. டிரஸருக்கு ஆபத்து என்று அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். தங்களிடம் மறைப்பானேன், அவ்வளவு சுத்தமான கட்டிலில், அத்தனை பேர் சுற்றி நிற்க, நான் பொய்யன் என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. காலை பத்து மணிக்குப் படுத்தவன், மூன்று மணி வரை அப்படியே படுத்திருந்தேன். ஒரு சோற்றுத் தட்டு வந்தது. சாப்பிட்டேன். அவள் வெளியே சாப்பிட்டாளா என்று கேட்க யாரும் இல்லை.

மூன்று மணிக்கு டாக்டர் வந்தார். கல்கத்தாப் பக்கத்துக்காரர், இங்கிலீஷும் மலாயும் பேசுவார், தமிழ் தெரியாது. எனக்குத் தமிழைத் தவிர ஒன்றும் சரியாக வராது. அவர் என் கண்ணில் விளக்கை அடித்து, கடிதத்தைப் பார்த்து, மறுபடி கண்ணைப் பார்த்து, நெற்றியைச் சுருக்கிக்கொண்டு நின்றபோது, வாசல் பக்கம் சுவரைத் தட்டித் தட்டி வரும் சத்தம் கேட்டது. பேச்சியம்மாள். ஒரு மலாய்ச் சிப்பந்தி அவள் முழங்கையைப் பிடித்து வழி காட்டிக்கொண்டு வந்தார். வராந்தாவில் உட்கார்ந்திருந்த ஐந்து மணி நேரத்தில் அவள் அந்த மனிதரோடு பேசிப் பழகியிருக்கிறாள். முப்பது வருஷம் பெக்கோக் சந்தையில் மலாய்க்காரர்களிடமும் சீனர்களிடமும் மீனும் காயும் பேரம் பேசிய மலாய் அது. அதை வைத்துக்கொண்டு அவள் டாக்டரிடம் என் கட்டிலைக் காட்டிப் பேசினாள்.

"மாத்தா தியா பாகுஸ், தோக்தோர். மாத்தா சாயா புத்தா. தியா தாக்குட் சாஜா."

எனக்கே புரிந்த மலாய். இவர் கண் நல்ல கண், குருடு என் கண்தான், இவர் பயந்துபோய்க் கிடக்கிறார், வேறொன்றுமில்லை என்று சொன்னாள்.

வார்டில் பதினான்கு கட்டில். பதினான்கு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். டாக்டர் கோபப்படவில்லை, சிரிக்கவும் இல்லை. ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று அவளிடம் மலாயில் கேட்டார். அவள் அதற்கும் பதில் சொன்னாள். பிறகு வீட்டில் வைத்து அதை எனக்குத் தமிழில் சொல்லச் சொன்னேன். "நான் வந்து கேட்டப்போ பேரு இல்லேன்னாங்க. இவரு பேரு இருந்துச்சு. அதான் பேரக் கொண்டாந்தோம்னு சொன்னேன்," என்றாள். டாக்டர் அவளை வராந்தா வெளிச்சத்துக்குக் கூட்டிக்கொண்டு போய், நின்றபடியே இரண்டு கண்ணையும் பார்த்துவிட்டு, நாளைக் காலையில் வலது கண், அது ஆறினபிறகு இடது கண் என்று சொல்லிவிட்டார். ஒன்றரை வருஷமாக நாங்கள் சுற்றிக்கொண்டிருந்த விஷயம் நான்கு நிமிஷத்தில் முடிந்தது.

ஆனால் கிளார்க் விடவில்லை. பேச்சியம்மாள் என்ற பெயரில் கடிதம் இல்லை; கடிதம் இல்லாத பெயரைப் புத்தகத்தில் ஏற்ற முடியாது; ஏற்றிய பெயரை அடிக்கவும் முடியாது. டாக்டர் அவரிடம் போய் ஏதோ சொன்னார். இருவரும் பேசி முடிவுக்கு வந்தார்கள். புத்தகத்தில் 'ஆண்' என்று இருந்ததை மட்டும் அடித்துப் 'பெண்' என்று எழுதிக்கொண்டார்கள். இன்றைக்கும் அந்த ஆஸ்பத்திரிப் புத்தகத்தில் ஆத்துமேட்டுத் தோட்டத்து அய்யாவு என்ற பெண்மணிக்கு வலது கண்ணில் ஆப்பரேஷன் நடந்ததாகத்தான் இருக்கிறது.

மறுநாள் காலை அவளை உள்ளே கொண்டுபோனார்கள். வழி காட்டிய சிப்பந்தி வந்து கையை நீட்டினார். அவள் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு போனாள். இரண்டு வருஷமாக என் கையைத் தவிர வேறு கையைப் பிடிக்காதவள். நான் எதிர்க்கடைக்குப் போய்க் காப்பி வாங்கினேன். அது ஆறிப்போய்விட்டது, குடிக்கவில்லை. வேறு விசேஷமாக எனக்கு ஒன்றும் தோன்றவில்லை என்றுதான் எழுதவேண்டும்.

பிறகு பன்னிரண்டு நாள் இரண்டு கண்ணையும் கட்டி, தலைக்கு இரண்டு பக்கமும் மணல் பை வைத்து, அசையக் கூடாது என்று படுக்க வைத்தார்கள். நான் அந்த ஊர் மாரியம்மன் கோயில் பண்டாரம் வீட்டில் தங்கிக்கொண்டு, விடுப்புக்கு மேல் நாலைந்து நாள் ஆவதைப் பற்றித் துரைக்கு ஒரு கடிதம் போட்டுவிட்டு, தினம் சாயந்திரம் பார்க்கப் போவேன். பெண்கள் வார்டு வாசலில் செல்லம் என்று ஒரு ஆயா. முதல் நாள் என்னை நிறுத்தினாள்.

"யாரப் பாக்கணும்?"

"என் சம்சாரத்தை. பேச்சியம்மாள்."

"அந்தப் பேருல யாரும் இல்லியே. கண்ணு கேசுன்னா அய்யாவுன்னு ஒரு அம்மா இருக்காங்க. நீங்க யாரு?"

"நான்தாம்மா அய்யாவு."

"அப்ப அவங்க யாரு?"

நான் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுவிட்டு, "சரி, உள்ள போங்க. ஆனா அய்யாவு வீட்டுக்காரர்னு எழுதிக்கிறேன்," என்றாள். பன்னிரண்டு நாளும் நான் அய்யாவு வீட்டுக்காரராகப் போய்வந்தேன்.

அடுத்த கட்டிலில் மக் லிமா என்று ஒரு மலாய்க் கிழவி. இடுப்பு எலும்பு முறிந்தவள். எழ முடியாது, ஆனால் கை நீளும். பேச்சியம்மாளுக்குத் தண்ணீர் கொடுத்ததும், ஈ ஓட்டியதும், கரண்டியால் கஞ்சி ஊட்டியதும் அவள்தான். நான் போனால் இருவரும் பேச்சை நிறுத்துவார்கள். நான் வெளியே வந்ததும் பேச்சு தொடர்வது கேட்கும். என்ன பேசுவார்கள் என்று கேட்டேன். "பிள்ளைங்களப் பத்தி," என்றாள்.

பதின்மூன்றாம் நாள் கட்டை அவிழ்த்து, டாக்டர் ஒரு தடித்த கண்ணாடியை அவள் வலது கண்ணுக்கு முன்னால் பிடித்தார். நான் புதுச் சவரம் செய்துகொண்டு, கட்டில் கால்மாட்டில், நேர் எதிரே நின்றேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. மெள்ளக் கழுத்தைத் திருப்பி அடுத்த கட்டிலைப் பார்த்தாள். வெகு நேரம் பார்த்தாள். மக் லிமா முகத்தைத் துணியால் மூடிக்கொண்டு சிரித்தாள், துணியை எடு என்று இவள் மலாயில் சொன்னாள், அவள் எடுத்தாள். இருவரும் அழுதார்கள் போலிருக்கிறது. கண்ணில் தண்ணீர் படக்கூடாது என்று டாக்டர் அதட்டினார். அதற்குப் பிறகுதான் என் பக்கம் திரும்பினாள். மேலும் கீழும் பார்த்துவிட்டு, "இந்தக் கோட்டையா பதிமூணு நாளாப் போட்டுக்கிட்டிருக்கீங்க?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

தோட்டத்துக்குத் திரும்பிய அன்றே துரை ஆபீசுக்குக் கூப்பிட்டார். மேசை மேல் ஆஸ்பத்திரிக் கடிதம் இருந்தது. துரையின் தமிழ் தாங்கள் அறிந்ததே.

"வாத்தியார், நீ பொய் சொல்லிச்சு. உன் கண்ணு பாக்குது."

"பாக்குது துரை. என் சம்சாரம் கண்ணுதான் பாக்கல."

"சம்சாரம் செக்ரோல்ல இருக்கா?"

"முப்பது வருஷம் இருந்துச்சு துரை. கண்ணு போனதும் துரைதான் எடுத்தீங்க."

துரை எழுந்து ஜன்னல் பக்கம் போய் வெளியே மரங்களைப் பார்த்துக்கொண்டு நின்றார். எந்த மரத்தைப் பார்த்தாரோ தெரியாது. திரும்பி வந்து, "இப்ப பாக்குதா?" என்று கேட்டார். ஒரு கண் பார்க்கிறது என்றேன். "ஆல்ரைட். இனிமே பொய் எழுத வேணாம். டிரஸருக்கும் சொல்லு," என்றார். வாத்தியார் வேலைக்கு வந்திருந்த இரண்டு விண்ணப்பங்களை என் கண் முன்னாலேயே மேசைக்குள் போட்டுப் பூட்டினார். கிழிக்கவில்லை. செக்ரோல் உத்தரவு பலகையில் அப்படியே இருக்கிறது. நான் இந்த மூன்று வாரமாக யானையைப் பூனை என்று சொல்லாமல் பாடம் நடத்திவருகிறேன். வெட்டிய என் இமை மயிர் இன்னும் முளைக்கவில்லை.

இனித் தங்களிடம் கேட்க வேண்டியதைக் கேட்கிறேன். பேச்சியம்மாள் குனியக் கூடாது, பாரம் தூக்கக் கூடாது, புகையில் நிற்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். மூன்றையும் அவள் ஒரே நேரத்தில் அடுப்படியில் செய்கிறாள். சிங்கப்பூரிலிருந்து வந்த கண்ணாடியை மாட்டிக்கொண்டால் தரை கிட்டே வந்துவிட்டது போலத் தெரிகிறதாம். படியிறங்கும்போது காலை ஒரு முழம் தூக்கி வைக்கிறாள். துணையில்லாமல் வாசலைத் தாண்ட அவளால் ஆகாது. ஆகையால் மகள் புஷ்பவள்ளியை ஒரு மாதத்துக்கு இங்கே அனுப்பிவைக்கத் தங்களையும் தங்கள் வீட்டம்மாவையும் கேட்டுக்கொள்கிறேன். இரண்டாவது கண்ணைப் பற்றித் தாங்கள் கவலைப்பட வேண்டாம். பள்ளிப் பரீட்சை முடிந்து, மார்கழி பிறப்பதற்குள், தக்க கடிதம் தக்க பெயரில் வாங்கி, நானே அழைத்துப்போவதாக முடிவு செய்திருக்கிறேன். அதுவரை பள்ளியை ஒரு நாள்கூட மூட முடியாது. மேசைக்குள் இரண்டு விண்ணப்பங்கள் இருக்கின்றன. அதுவரை அவள் எங்கும் போவதற்கில்லை என்று கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறேன். அவள் மறுத்துப் பேசவில்லை.

தங்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் கண்ணும் காதும் கைகாலும் நூறு வருஷம் உழைக்கட்டும். மாப்பிள்ளைக்கும் மகளுக்கும் எங்கள் இருவருடைய ஆசீர்வாதம். தங்கள் வீட்டம்மாவுக்கு என் வணக்கம். பசு பால் கொடுக்கட்டும்.

இப்படிக்கு,
தங்கள் அன்பை மறவாத சம்பந்தி,
அய்யாவு.

பின்குறிப்பு: திங்கள் பிற்பகல். புஷ்பவள்ளியை அனுப்ப வேண்டாம். மேலே கடைசியில் பேச்சியம்மாளால் ஆகாது என்று எழுதிய பகுதி அனைத்தையும் அடித்ததாக வைத்துக்கொள்ளவும். இன்று மதியம் பள்ளி விட்டு வந்தால் வீடு பூட்டியிருக்கிறது, சோறு மூடி வைத்திருக்கிறது, ஆளைக் காணவில்லை. டிரஸரிடம் ஓடினேன். காலை ரயிலில் போய்விட்டாளாம். தனியாக இல்லை. கூலி லயத்திலிருந்து கண் மங்கின ராஜம்மாவையும், காது கேளாத வேலுவையும், காலில் ஆறாத புண்ணோடு கிடந்த இன்னும் இரண்டு கிழவர்களையும் கூட்டிக்கொண்டு போயிருக்கிறாள். ஒருவருக்கும் பெயரும் இல்லை, கடிதமும் இல்லை. அன்றைக்கு வராந்தாவில் டாக்டர் அவளிடம் மலாயில் மெதுவாக ஏதோ சொன்னார், எனக்குப் புரியவில்லை என்று விட்டுவிட்டேன். உன்னைப் போல யாராவது இருந்தால் ஜன்னலுக்குப் போகாதே, பின்பக்க வராந்தாவுக்கு நேரே கூட்டி வா என்று சொன்னாராம். இதை அவள் டிரஸரிடம் மூன்று வாரத்துக்கு முன்பே சொல்லியிருக்கிறாள். என்னிடம் சொல்லவில்லை. கேட்டதற்கு, "வாத்தியார் முதலிலை ஒரு கடிதம் எழுதவேணும் எண்டு சொல்லுவார், அதுதான்," என்றார் டிரஸர். ஐந்து பேரையும் சேர்த்துக்கொண்டாயிற்று, நாளைக்கே அவளுக்கு இடது கண், நான் வரத் தேவையில்லை என்று ரயில் கார்டிடம் சொல்லி அனுப்பியிருக்கிறாள்.

இந்தக் கடிதத்தைக் கிழித்துவிட்டு வேறு எழுதலாம் என்று உட்கார்ந்தேன். முடியவில்லை. மேல் லயத்திலிருந்து மூன்று பேர் வந்து வாசலில் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களில் ஒரு கிழவிக்கு மூச்சு இரைக்கிறது. நாளைய வண்டிக்குத் தம்மை யார் அழைத்துப் போவது என்று கேட்கிறார்கள். எனக்கு மலாய் வராது என்று சொல்லிப் பார்த்தேன். பள்ளிக்கூடம் இருக்கிறது என்று சொன்னேன். துரை மேசைக்குள் இருக்கும் விண்ணப்பங்களைப் பற்றியும் சொன்னேன். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார்கள். யாரும் எழுந்திருக்கவில்லை.

நாளைக்குப் பள்ளிக்கூடம் லீவு.